எலும்புப் பொருத்தித் தொற்றும் போர்க்காய மருத்துவமும்

முறிந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்க உடலுக்குள் வைக்கப்படும் தகடு, திருகு, கம்பி ஆகியவற்றிலும், தேய்ந்த மூட்டுக்கு மாற்றாகும் செயற்கை மூட்டிலும் கிருமிகள் குடியேறுவதால் உண்டாகும் நோய் எலும்புப் பொருத்தித் தொற்று எனப்படும். பெரும்பாலும் தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு தம்மைச் சுற்றி வழவழப்பான உறையொன்றைச் சுரக்கின்றன. உயிர்ப்படலம் எனப்படும் அவ்வுறைக்குள் மருந்து எளிதில் வேலை செய்வதில்லை ஆதலால், பல வாரங்கள் மருந்து கொடுத்தும் சீழ் வற்றாதபோது பொருத்தியையே எடுத்துவிட நேர்கிறது.

உடலுக்கு அயலான பொருள் தொற்றை எவ்வளவு எளிதாக்கும் என்பதை 1957இல் எலெக், கோனன் ஆகியோர் தன்னார்வலர்களிடம் செய்த சோதனை காட்டியது: தோலில் சீழ் கட்டப் பல இலட்சம் கிருமிகள் வேண்டியிருந்த நிலையில், பட்டுத் தையல் நூல் உடனிருந்தபோது சில நூறே போதுமாயின. பின்னிய பட்டு நூலின் இடுக்குகளில் கிருமிகள் தங்கிவிடுவதால் சீழ் பிடித்த காயங்களில் அந்நூல் தவிர்க்கப்படுகிறது.

இத்தொற்றைத் தடுக்கும் அறிவில் பெரும்பகுதி போர்க்களத்தில் பெறப்பட்டது. முதல் உலகப்போரில் எருவிட்ட வயல்மண் புகுந்த காயங்கள் அழுகி உயிரைக் குடித்தபோது, கிருமிநாசினியை மட்டும் நம்பாமல் செத்த தசையை முழுதும் வெட்டி நீக்கி, காயத்தைத் திறந்தே வைத்துச் சில நாள் கழித்து மூடும் முறை உறுதிப்பட்டது. மண்ணையும் துணியையும் சதைக்குள் செலுத்தும் கண்ணிவெடிக் காயங்களுக்கு, இலங்கையின் வடக்கில் தமிழர் பலர் காலிழக்கக் காரணமான அவ்வகைக் காயங்களுக்கு, இவ்விதி இன்றும் பொருந்தும்.

தமிழ்நாட்டில் இத்தகைய காயங்களைப் பெருமளவில் உண்டாக்குவது சாலை விபத்தே. தோல் கிழிந்து எலும்பு வெளித்தெரியும் திறந்த முறிவுகளை 1976இல் கஸ்டிலோவும் ஆண்டர்சனும் வகைப்படுத்தினர். 1984இல் அவற்றின் மூன்றாம் வகை மேலும் பிரிக்கப்பட்டது. எனினும், காப்பாற்றத்தக்க காலும் காப்பாற்ற இயலாத காலும் ஒரே பிரிவில் அடங்கின. இக்குறையைத் தீர்க்கக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரன் குழுவினர் வகுத்து 2006இல் வெளியிட்ட மதிப்பீட்டு முறை, தோல், எலும்பு, தசை-நரம்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை புள்ளி இட்டு, முதிர்ந்த வயது, சாக்கடை அல்லது தொழுவ மண் கலப்பு, 12 மணி நேரத்துக்கு மேற்பட்ட தாமதம் போன்ற ஒவ்வோர் இடருக்கும் 2 புள்ளி கூட்டுகிறது. கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் குறைவெனில் காலைக் காக்க முயல்வர். 17 அல்லது அதற்கு மேல் போனால் காலை நீக்குவதே பெரும்பாலும் தக்கது. இடைப்பட்ட மதிப்புகளில் மருத்துவரின் அனுபவமும் நோயாளியின் நிலையுமே முடிவு செய்யும்.

இம்முறையின் சிறப்பு, காயத்தைத் திறந்தே வைக்க வேண்டும் என்ற போர்க்கால விதியின் எல்லையைக் காட்டியதிலும் உள்ளது. அவ்விதி, காயமுற்ற வீரர் ஒரு முகாமிலிருந்து மறுமுகாமுக்கு, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிய சூழலில் பிறந்தது. தேர்ந்த குழுவொன்றே தொடக்கம் முதல் கவனிக்கும் மருத்துவமனையில், 12 மணி நேரத்துக்குள் செத்த தசை நீக்கப்பட்டு, தோல் இழப்பின்றி, இரத்தம் கசியும் விளிம்புகள் இழுவையின்றிச் சேருமானால், மொத்தப் புள்ளி 10ஐத் தாண்டாத காயத்தை அன்றே மூடலாம் என்று 2009இல் இதே குழு அறிவித்தது. சாக்கடை நீரோ தொழுவ மண்ணோ கலந்த காயங்கள் இதில் சேரா.