குரைப் கொண்டு வந்த செய்தி: பிறையும் நமது ஒற்றுமையும்



ஷஃபான் 29 நெருங்க நெருங்க நமது வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். "சவூதியில் நாளைக்கு நோன்பாம்." "கொழும்பில் இன்னும் முடிவு வரவில்லையாம்." "பக்கத்து ஊரில் ஒருவர் கண்டாராம்." தராவீஹ் உண்டா இல்லையா என்று தெரியாமல் பள்ளி முற்றத்தில் நிற்கும் பெரியவர்கள் சொல்வார்கள்: "அந்தக் காலத்தில் எல்லோரும் ஒன்றாகத்தான் நோன்பு பிடித்தோம். இப்போதுதான் இந்தப் பிரிவினை."

அந்தக் காலம் உண்மையில் எப்படி இருந்தது என்று வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். பிறை விடயத்தில் யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்வது நமது வேலையல்ல. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் நடந்தவற்றைத் தெரிந்துகொண்டால், நாம் பேசும் தொனியாவது மாறும்.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஏற்பாடு மிக எளிமையானது. பிறையைக் கண்டு நோன்பு, பிறையைக் கண்டு பெருநாள், மேகம் மறைத்தால் மாதத்தை முப்பதாக நிறைவு செய்வது. இதை எவரும் பின்பற்றலாம். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அக்காலத்தில் நடந்த இரண்டு சம்பவங்களை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. ஒரு நாட்டுப்புற அரபி வந்து, "நான் பிறை கண்டேன்" என்கிறார். நபியவர்கள் அவரிடம் கேட்டது ஷஹாதத் கலிமாவை ஏற்றிருக்கிறாரா என்பதை மட்டும்தான். எந்தக் கோத்திரம், எந்தக் கூட்டம் என்ற கேள்வி எழவேயில்லை. ஆம் என்றதும், மறுநாள் நோன்பு என்று மக்களுக்கு அறிவிக்கும்படி பிலால் (ரழி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

மற்றொரு முறை, ஷவ்வால் பிறை மதீனாவில் தென்படவில்லை. எல்லோரும் நோன்போடு இருக்கிறார்கள். பகலின் கடைசிப் பொழுதில் ஒரு பிரயாணக் கூட்டம் வந்து சேர்ந்து, நேற்று மாலை தாங்கள் பிறை கண்டதாகச் சாட்சி சொல்கிறது. நோன்பை விடும்படியும், மறுநாள் காலை பெருநாள் தொழுகைக்கு வரும்படியும் நபியவர்கள் கட்டளையிட்டார்கள்.

இரண்டிலும் உள்ள ஒழுங்கைக் கவனியுங்கள். கண்டவர் தனி மனிதர். அவர் செய்தியைக் கொண்டு போய் ஓரிடத்தில் ஒப்படைக்கிறார். அங்கே அவரை மரியாதையோடு விசாரிக்கிறார்கள். பிறகு வரும் முடிவு எல்லோருக்கும் பொதுவானது.

இனி குரைப் அவர்களின் சம்பவத்துக்கு வருவோம். இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் தாயார் உம்முல் ஃபழ்ல் (ரழி), குரைப் என்பவரை ஒரு தேவைக்காக ஷாமில் இருந்த முஆவியா (ரழி) அவர்களிடம் அனுப்பினார்கள். அவர் அங்கிருக்கும்போதே ரமழான் பிறந்தது. வெள்ளி இரவு, அதாவது வியாழன் மாலை, ஷாமில் பிறை தெரிந்தது. குரைபும் கண்டார். மாதக் கடைசியில் மதீனா திரும்பியதும் இப்னு அப்பாஸ் (ரழி) விசாரித்தார்கள்: நீங்கள் எப்போது பிறை கண்டீர்கள்? குரைப் சொன்னார். "நாங்கள் சனி இரவில்தான் கண்டோம். முப்பது முடியும் வரை அல்லது பிறையைக் காணும் வரை நோன்பு வைப்போம்" என்ற கருத்தில் பதில் வந்தது. முஆவியா கண்டதும் நோன்பு வைத்ததும் போதாதா என்று குரைப் கேட்டார். போதாது, நபியவர்கள் நமக்கு இப்படித்தான் ஏவினார்கள் என்றார்கள் இப்னு அப்பாஸ் (ரழி). ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள சம்பவம் இது.

டமஸ்கஸுக்கும் மதீனாவுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர். ஸஹாபாக்கள் வாழ்ந்த காலம். ஒரே ரமழான் இரண்டு ஊர்களில் இரண்டு நாட்களில் தொடங்கியிருக்கிறது. இதற்காக மதீனத்தார் ஷாம்வாசிகளைக் குறை கூறியதாகவும் தெரியவில்லை, ஷாம்வாசிகள் மதீனத்தாரைப் பழித்ததாகவும் தெரியவில்லை.

பின்வந்த இமாம்கள் இந்த அறிவிப்புகளிலிருந்தே இரண்டு கருத்துகளுக்கு வந்தார்கள். நம் நாட்டில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், பிறை உதிக்கும் எல்லை வேறுபட்டால் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பிறை என்பதே வலுவான கருத்து. ஹனபி மத்ஹபில், ஓரிடத்தில் கண்டது உறுதியாகத் தெரிந்தால் மற்ற இடங்களுக்கும் அது பொருந்தும் என்பது பிரபலமான கருத்து. முன்னவர்கள் குரைபின் சம்பவத்தை எடுத்துக்காட்டுவார்கள். பின்னவர்கள், கண்டு நோன்பு வையுங்கள் என்ற கட்டளை பொதுவானது என்பார்கள். இன்று உள்நாட்டுப் பிறை, சர்வதேசப் பிறை என்று நாம் மோதிக்கொள்வது நேற்றுப் பிறந்த இரண்டு இயக்கங்களின் சண்டையல்ல. கிதாபுகளில் பக்கத்துப் பக்கமாக அமர்ந்திருந்த இரண்டு கருத்துகள் அவை.

மக்கள் நடைமுறையில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இப்னு பதூதாவின் பயணக்குறிப்பில் அழகான ஒரு காட்சி இருக்கிறது. 1326ஆம் ஆண்டு எகிப்தில் அப்யார் என்ற ஊரில் அவர் ரமழான் பிறை பார்க்கும் நாளைக் கண்டார். ஷஃபான் 29 அஸருக்குப் பிறகு ஊர்ப் பிரமுகர்கள் காழியின் வீட்டில் கூடுகிறார்கள். அவரோடு சேர்ந்து ஊருக்கு வெளியே ஒரு மேட்டுக்குப் போகிறார்கள். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் பின்னால் போகிறார்கள். மஃரிபுக்குப் பிறகு விளக்குகளும் தீப்பந்தங்களுமாக ஊர் திரும்புகிறது. கடைக்காரர்களும் கடைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். காழியை வீடுவரை கொண்டு போய் விட்டுத்தான் மக்கள் கலைகிறார்கள்.

அப்யார் நோன்பு வைத்த அதே நாளில்தான் டெல்லியும் வைத்ததா என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அவர்களது ஒற்றுமை அந்த மேட்டில் ஒன்றாக நின்றதில் இருந்தது.

கணிப்பு என்பதும் புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அல்குவாரிஸ்மி போன்ற முஸ்லிம் அறிஞர்கள் பிறை எப்போது தென்படும் என்று அட்டவணை போட்டார்கள். ஒரு சந்திர மாதத்தின் சராசரி நீளம் 29 நாள், 12 மணி, 44 நிமிடம். ஆகவேதான் மாதம் சில வேளை 29, சில வேளை 30. டமஸ்கஸின் காழியாக இருந்த ஷாபிஈ இமாம் தகிய்யுத்தீன் ஸுப்கி (மரணம் 1355), பிறை தென்படவே முடியாது என்று கணிப்பு உறுதியாகக் காட்டினால் கண்டதாகச் சொல்லும் சாட்சியத்தை ஏற்கக்கூடாது என்றார். அதே நூற்றாண்டில், அதே டமஸ்கஸில் வாழ்ந்த இப்னு தைமிய்யா, மாதத்தை முடிவுசெய்யக் கணிப்பில் தங்கியிருப்பதைக் கடுமையாக மறுத்தார். ஒரே ஊரில் இரண்டு பேரறிஞர்கள்! பிற்காலத்தில், 1930களில், பிரெஞ்சு வானியலாளர் தான்ஜோன், சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே ஏறத்தாழ 7 பாகை இடைவெளி இல்லாவிட்டால் பிறை கண்ணுக்குத் தெரியாது என்று காட்டினார். இன்று பிறைக்குழுக்கள் சாட்சியத்தை எடைபோடும்போது இத்தகைய அறிவும் பக்கத்தில் இருக்கிறது.

அப்படியானால் சிக்கல் எப்போது பெரிதானது? செய்தி ஒட்டகத்தை விட வேகமாக ஓடத் தொடங்கியபோது.

குரைப் கொண்டு வந்த செய்தி மாதக் கடைசியில்தான் மதீனாவை அடைந்தது. தந்தி வந்தபின் அது சில நிமிடங்களில் அடைந்தது. கம்பி வழியாக வரும் செய்தி சாட்சியமாகுமா, அனுப்பியவர் யாரென்று எப்படி அறிவது என்று முஸ்லிம் உலகெங்கும் உலமாக்கள் விவாதித்தார்கள். டமஸ்கஸின் ஜமாலுத்தீன் காஸிமி 1911இல், தந்திச் செய்தியின்படி செயற்படலாம் என்று விளக்கி ஒரு நூலே வெளியிட்டார்.

இலங்கையிலும் இதே கதைதான். கொழும்புக்கும் காலிக்கும் இடையே 1858இல் தந்தி வந்தது. 1925இல் கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. அதற்கு முந்திய காலத்தில் காத்தான்குடியில் கண்ட பிறை அன்றிரவே பேருவளைக்குத் தெரிய வழியேது? ஊர்ப் பள்ளியில் நகரா அடித்தால் அந்தச் சத்தம் கேட்கும் தூரம்தான் செய்தியின் எல்லை. "அந்தக் காலத்தில் ஒன்றாகப் பிடித்தோம்" என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஓர் ஊர் ஒன்றாகப் பிடித்தது. அடுத்த கரையில் எப்போது பிடித்தார்கள் என்று தெரியாததால் மனமும் நோகவில்லை.

பிறகு வானொலி நாட்டை ஓர் ஊராக்கியது. கொழும்பு பெரிய பள்ளிவாசலில் உலமா சபை, முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களம் ஆகியவற்றின் பிரதிநிதிகளும் கூடி எடுக்கும் முடிவை முஸ்லிம் சேவை அறிவிக்க, வானொலிப் பெட்டியைச் சுற்றி நாம் காத்திருந்தோம். கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் சூரியன் மறைவதில் ஏழெட்டு நிமிட வித்தியாசம்தான். இவ்வளவு சிறிய தீவுக்கு ஒரு முடிவு என்பது நியாயமாகவே இருந்தது.

அதன்பின் செய்மதித் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் உலகையே ஓர் ஊராக்கின. மக்காவில் சூரியன் மறைவது கொழும்பில் மறைந்து ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து. அதற்குள் சந்திரன் சூரியனை விட்டு இன்னும் ஒரு பாகைக்கு மேல் விலகிவிடும். ஆகவே இங்கே தெரியாத பிறை அங்கே தெரிவதில் ஆச்சரியமில்லை. அதில் எவரது பொய்யும் இல்லை, எவரது பிடிவாதமும் இல்லை. பூமி சுற்றுகிறது, அவ்வளவுதான்.

ஆனாலும் நாட்டுக்குள்ளேயே நாம் காயப்பட்ட வேளைகள் உண்டு. 2013 ஆகஸ்டில் ஷவ்வால் பிறையைக் கண்டதாகக் கிண்ணியாவிலிருந்து வந்த செய்தி தேசிய முடிவில் ஏற்கப்படவில்லை. சிலர் வியாழன் பெருநாள் கொண்டாட, ஏனையோர் வெள்ளிக்கிழமை கொண்டாடினார்கள். அந்த வேளையில் யார் சரி என்று இன்று மீண்டும் கிளறத் தேவையில்லை. ஆனால் உம்மா வீட்டில் பெருநாள் சோறு, மாமி வீட்டில் நோன்பு என்று குடும்பங்கள் இரண்டுபட்டதை மறக்க முடியாது. "உங்களுக்கு எப்ப பெருநாள்?" என்று ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்கும்போது, ஆசிரியர்களாகிய நாங்கள் என்ன பதில் சொல்வது? அந்தக் கேள்வியில் கிண்டல் கலந்துவிட்டால் அது பிள்ளைகள் கண்டுபிடித்த கிண்டல் அல்ல. வீட்டில் நாம் பேசியதுதான்.

பிற நாடுகளின் அனுபவமும் பாடம்தான். 1967இல் பாகிஸ்தானில், அய்யூப் கானின் அரசு இரவோடிரவாக அறிவித்த பெருநாளை ஏற்க மறுத்த மௌலானா மௌதூதி உள்ளிட்ட உலமாக்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 1974இல் அங்கே அதிகாரபூர்வமான பிறைக்குழு அமைந்தது. அதற்குப் பிறகும் பெஷாவரில் வேறு நாளில் நோன்பு தொடங்கிய ஆண்டுகள் பல. அதிகாரத்தால் மனங்களை ஒன்றாக்க முடியவில்லை. இந்தோனேசியாவில் முஹம்மதிய்யா அமைப்பு கணிப்பின்படி முன்கூட்டியே நாளை அறிவித்துவிடும். 2011இல் அவர்கள் ஆகஸ்ட் 30இலும் அரசாங்கம் 31இலும் பெருநாள் கொண்டாடினார்கள். 1978இல் இஸ்தான்பூலில் பல நாட்டு அறிஞர்கள் கூடிப் பொது அளவுகோல் ஒன்றை வகுத்தார்கள். உலகம் முழுவதற்கும் ஒரே நாள் இன்னும் வரவில்லை.

இவ்வளவு வரலாற்றிலிருந்தும் நாம் எடுக்க வேண்டியது ஒன்றுதான். முழு உலகமும் ஒரே நாளில் நோன்பு தொடங்கியதாக ஒரு பொற்காலம் இருந்ததில்லை. இருந்தது, ஒன்றாக வாழ்பவர்கள் ஒன்றாக முடிவெடுத்த காலம். மக்கள் எல்லோரும் நோன்பு வைக்கும் நாளே நோன்பு, எல்லோரும் பெருநாள் கொண்டாடும் நாளே பெருநாள் என்ற கருத்தில் திர்மிதியில் வரும் ஹதீஸை அறிஞர்கள் பலர் இப்படித்தான் விளங்கினார்கள்: ஜமாஅத்தோடு இரு.

இதில் இரண்டு பக்கத்துக்கும் கடமை இருக்கிறது. பிறை கண்டவர் முகநூலில் போடும் முன் ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டும். நேரம், திசை, பிறையின் தோற்றம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். முடிவெடுப்பவர்கள் அந்தச் சாட்சியை, தூரத்து ஊர்க்காரர், வேறு இயக்கத்தவர் என்று பாராமல் கேட்க வேண்டும். ஏற்காவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்று காரணத்தை அவருக்கும் ஊருக்கும் விளக்க வேண்டும். ஒரு நாட்டுப்புறத்து மனிதரை நபியவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பது நம் முன்னே இருக்கிறது. கேட்கப்படாத சாட்சியிலிருந்துதான் தனிப் பெருநாள் பிறக்கிறது.

நமக்கும் ஒரு கடமை உண்டு. மினாவில் உஸ்மான் (ரழி) நான்கு ரக்அத் தொழுதார்கள். இரண்டுதான் ஸுன்னத் என்பது இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் உறுதியான கருத்து. ஆயினும் அவர்களும் ஜமாஅத்தோடு நான்கே தொழுதார்கள். காரணம் கேட்டபோது, பிளவுபடுவது தீமை என்றார்கள். தமது கருத்தை அவர்கள் கைவிடவில்லை. ஜமாஅத்தையும் கைவிடவில்லை. மறுமை வரை நிலைக்கக்கூடிய ஓர் உறவை ஒரு நாள் வித்தியாசத்துக்காக முறித்துக்கொள்ளாமல் இருக்க இந்த ஒரு முன்மாதிரி போதும்.

இம்முறை பிறை 29 அன்று மஃரிபுக்குப் பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேற்கு வானத்தைப் பார்க்கப் போவோம். தென்பட்டால் பள்ளியில் சொல்வோம். தென்படாவிட்டால் முடிவு வரும்வரை பொறுத்திருப்போம். பக்கத்து வீட்டார் ஒரு நாள் முந்தியோ பிந்தியோ நோன்பு தொடங்கினால், ஒரு கோப்பை கஞ்சி கொடுத்து அனுப்புவோம்.

அல்லாஹ் நமது நோன்புகளை ஏற்று, உள்ளங்களை ஒன்று சேர்ப்பானாக. ஆமீன்.