நீலகிரி அறிவியல் பயணங்கள்

நீலகிரி அறிவியல் பயணங்கள் என்பது, ஆய்வாளர்கள் குழுவாகத் திட்டமிட்டு, ஒன்றைக் காணவோ அளக்கவோ நீலகிரி மலைக்கு மேற்கொண்ட பயணங்களைக் குறிக்கும் பொதுப்பெயர். இன்று இது பெரும்பாலும் மாநாட்டுக்கு வந்தவர்களைப் பேருந்தில் ஏற்றி உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளைக் காட்டி வரும் ஒருநாள் களப்பயணத்தையே சுட்டுகிறது. பேச்சுவழக்கில் இதற்கு 'ஃபீல்டு ட்ரிப்' என்றே பெயர். பழைய பதிவுகளில் இச்சொல் இராது. அங்கே பயணமும் ஆய்வும் வேறுவேறாகப் பிரிக்கப்படவில்லை.

தொடக்கம்

மலைக்கு வந்த முதல் ஐரோப்பியர் யார் என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. 1603-இல் கள்ளிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, மலைவாழ் மக்களான தோடரைக் கண்டு எழுதிய இயேசு சபைப் பாதிரியார் ஃபெனிசியோவைச் சிலர் குறிப்பிடுவர். ஆங்கிலேயர் காலத்திலிருந்தே கணக்கைத் தொடங்குவோரும் உண்டு. 1812-இல் ஒரு நில அளவைக் குழு மலையின் ஒரு பகுதியைப் பார்த்துச் சென்றது. 1819-இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் ஏறினார். அதையொட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோ வந்தார். செடி சேகரிப்போர் வருகை அதன்பின் நிற்கவில்லை. ராபர்ட் வைட் நீலகிரித் தாவரங்களுக்கென்றே 1846 முதல் 1851 வரை ஒரு படநூல் வெளியிட்டார். 1848-இல் உதகை அரசுத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பு தோட்டக்கலைஞர் மெக்கைவரிடம் வந்தது. 1860களில், கிளெமென்ட்ஸ் மார்க்கம் ஏற்பாட்டில் தென்னமெரிக்காவிலிருந்து வந்த சின்கோனா இங்கே வேர்பிடித்தது.

1871 கிரகணப் பயணங்கள்

1871 டிசம்பர் 12 காலை நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணமே இப்பொருளில் மிக விரிவாக எழுதப்பட்ட நிகழ்வு. நிழலின் பாதை மலபார்க் கரையில் பேக்கல் அருகே நிலத்தைத் தொட்டு, நீலகிரியைக் கடந்து, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம், திருகோணமலை என்று போனது. மறைப்பு காலை ஏழரை மணியை ஒட்டி நிகழ்ந்தது. அது நீடித்தது இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்.

இந்தப் பயணங்களில் ஒன்று மாநாட்டிலேயே கருக்கொண்டது. அவ்வாண்டு எடின்பரோவில் கூடிய பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் கூட்டம் கிரகணத்துக்காகக் குழு அமைத்து, அரசிடம் உதவி கேட்டது. நார்மன் லாக்யர் தலைமையில் வந்த அக்குழு பேக்கல், வயநாட்டின் மானந்தவாடி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திருகோணமலை எனப் பிரிந்து நின்றது. ஒரே பாதையில் பல இடங்களில் ஆள் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. ஒரு மேகம் ஓரிடத்தில் ஆண்டுக்கணக்கான ஆயத்தத்தையும் கெடுத்துவிடும். அதே கிரகணத்துக்காக ஆஸ்திரேலியாவின் வடபகுதிக்குப் போன குழுவுக்கு அதுதான் நேர்ந்தது: வானம் மூடிக்கொண்டது.

நீலகிரியில் நின்றவர்கள் அக்கழகத்தின் ஆட்கள் அல்லர். தொட்டபெட்டாவில் (2,637 மீட்டர்) இந்திய அரசின் சார்பில் டென்னன்ட்டும், வானியலாளர் குடும்பத்தவரான ஜான் ஹெர்ஷலும் இருந்தனர். மலையடிவாரத்துக்கு அப்பால் அவினாசியில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் நின்றார். சோலூரில் பிரான்சிலிருந்து வந்த ஜூல் ஜான்சன்.

ஜான்சனுக்குக் கிரகணம் புதிதன்று. 1868-இல் குண்டூரில் சூரிய விளிம்புத் தழல்களை ஆராய்ந்து, கிரகணம் இல்லாத நாளிலும் அவற்றைப் பார்க்கும் வழியைக் கண்டவர் அவர். அதே வழியை லாக்யரும் தனியே கண்டிருந்ததால் பெருமை யாருக்கு என்ற வழக்கு நீண்டது. இருவருக்கும் பங்கு என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. 1870 டிசம்பரில் பாரிஸ் முற்றுகையில் இருந்தபோது, அல்ஜீரியாவில் தெரியவிருந்த கிரகணத்துக்காகப் பலூனில் ஏறி நகரைத் தாண்டிப் பறந்தார். போய்ச் சேர்ந்த இடத்தில் மேகம். அடுத்த ஆண்டே அவர் நீலகிரியில் இருந்தார்.

மலைமேல் ஏறுவது அக்காலத்தில் எளிய காரியம் அன்று. மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873-இல்தான். குன்னூர் வரை மலை ரயில் 1899-இல், உதகைக்கு 1908-இல். எனவே 1871-இல் கண்ணாடி வில்லைகளும் பட்டகங்களும் புகைப்படத் தகடுகளும் மாட்டுவண்டியிலும் ஆள் தோளிலுமே ஏறியிருக்க வேண்டும். கருவியின் வில்லை அகலத்தையும் குவியத்தூரத்தையும் அறிக்கைகள் நுணுக்கமாகச் சொல்கின்றன. சுமந்தவர்களைப் பற்றிச் சொல்வது குறைவு.

ஜான்சன் நின்ற இடம் உதகைக்கு வடமேற்கே உள்ள இன்றைய சோலூரே எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஐரோப்பிய நூல்களில் ஊர்ப்பெயரின் எழுத்து பலவாறு மாறும். டிசம்பர் நடுவில் நீலகிரி விடியல் உறைபனி விழும் குளிருடையது. பனிமூட்டம் வந்தால் பத்தடியில் நிற்பவர் தெரியமாட்டார். அன்று வானம் தெளிந்திருந்தது.

அக்காலத்தில் தீராதிருந்த கேள்வி இது: கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டம் சூரியனுடையதா, பூமியின் காற்றில் ஒளி சிதறுவதால் வரும் தோற்றமா? ஒளிமிகுந்த படிமம் தரும்படி தனியே அமைத்த, குறுகிய குவியத்தூரமுள்ள தொலைநோக்கியால் பார்த்த ஜான்சன், ஒளிவட்டத்தின் நிறமாலையில் பளிச்சென்ற கோடுகளோடு, சூரிய ஒளிக்குரிய கருங்கோடுகள் சிலவற்றையும் கண்டார். அதாவது அவ்வட்டத்தின் ஒளியில் ஒரு பங்கு, சூரியனைச் சூழ்ந்த பொருளில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியே. அந்தப் பங்கு சூரியனைச் சுற்றிய தூசியால் வருவது என்று பின்னாளில் விளக்கப்பட்டது.

தொட்டபெட்டாவின் பங்கு வேறு. அங்கே எடுத்த புகைப்படங்களும் கடற்கரையான பேக்கலில் எடுத்தவையும் பின்னர் ஒப்பிடப்பட்டன. ஒன்று கடல் மட்டத்தில், மற்றது எட்டாயிரம் அடிக்கு மேல். இருந்தும் ஒளிவட்டத்தின் கதிர்களும் இடைவெளிகளும் ஒத்திருந்தன. வட்டம் பூமிக் காற்றின் மாயை என்றால் இரண்டு இடத்திலும் ஒரே உருவம் வர நியாயமில்லை. கேள்வியைத் தீர்த்தது ஜான்சனின் கருங்கோடா, இந்தப் படங்களா என்பதில் நூலாசிரியர்கள் ஒவ்வொருவரும் ஒன்றை முன்வைப்பர். இரண்டும் ஒரே காலையில் கிடைத்தன என்பது மட்டும் உறுதி.

அக்காலத்துச் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி இங்கே குறிப்பிடத்தக்கவர். இலண்டன் அரச வானியல் கழகத்தில் 1872-இல் உறுப்பினரானார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில், உரையாடல் நடையில் வெளியிட்டார். கிரகணக் குழுக்கள் தம் முடிவுகளைத் தம் கழகங்களுக்கு எழுதின. இவர் ஊராருக்கு எழுதினார்.

ஆய்வகம் கைநழுவியது

1880களில் போக்சன் தென்னிந்திய மலை ஒன்றில் சூரிய ஆய்வகம் வேண்டும் என்று முன்மொழிந்தார். நீலகிரியும் பழனி மலையும் போட்டியில் இருந்தன. இயற்பியலாளர் மிச்சி ஸ்மித் இரண்டு இடங்களிலும் வானத் தெளிவைப் பார்த்தார். கோத்தகிரி ஒரு வாய்ப்பாக இருந்தும், முடிவில் கொடைக்கானலே தேர்வாகி, 1899-இல் ஆய்வகம் அங்கே அமைந்தது.

குன்னூரும் மாநாடுகளும்

இருபதாம் நூற்றாண்டின் முன்பகுதியில் வருவோரின் நோக்கம் வானத்திலிருந்து மனிதருக்கு மாறியது. 1901-02-இல் மானிடவியலாளர் ரிவர்ஸ் தோடர்களிடையே தங்கி ஆய்ந்து 1906-இல் நூல் வெளியிட்டார். குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. ராபர்ட் மெக்காரிசன் அங்கே தொடங்கிய உணவூட்ட ஆய்வு வளர்ந்து, பின்னர் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. மாநாடுகளும் மலைக்கு வந்தன: 1948 ஜூனில் ஆசிய, தூரக்கிழக்கு நாடுகளுக்கான ஐ.நா. பொருளாதார ஆணையத்தின் மூன்றாம் அமர்வு உதகையில் கூடியது, நேரு தொடங்கிவைத்தார்.

தொலைநோக்கிக் காலம்

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1950களில் உதகையில் காஸ்மிக் கதிர் ஆய்வைத் தொடங்கியது. இன்று அங்குள்ள கிரேப்ஸ்-3 கருவித்தொகுதியின் மியூவான் தொலைநோக்கி 560 சதுர மீட்டர் பரப்புடையது. 2014 டிசம்பர் 1 அன்று மலைமேல் சென்ற இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் அளவு மின்னழுத்தம் இருந்ததாக அதன் வழியே கணக்கிட்டு, 2019-இல் முடிவை வெளியிட்டனர்.

முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் முடிந்த உதகை வானொலித் தொலைநோக்கி, களப்பயணிகள் விரும்பிப் பார்க்கும் இடம். நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அதன் சிறப்பு அளவில் மட்டும் இல்லை. உதகையின் அட்சரேகை சுமார் 11 பாகை. வடக்கு தெற்காக ஏறக்குறைய அதே சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் கட்டினர். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது. அச்சில் மெல்லச் சுழற்றினாலே ஒரு விண்பொருளைத் தொடர்ந்து ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்பற்றலாம். மலையைச் சமன்செய்து கருவியை வைப்பதுதான் உலக வழக்கம். இங்கே மலையே கருவியின் ஓர் உறுப்பு.

மண்ணைப் பார்ப்போருக்கும் இடம் உண்டு. உதகையில் 1954 முதல் இயங்கும் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம், சோலூரை ஒட்டிய கிளன்மார்கனில் இரட்டை நீர்ப்பிடிப்புகளை அமைத்து ஒப்பிட்டது. ஒன்றைப் புல்வெளியாக விட்டு, மற்றதில் தைல மரம் நட்டபோது ஓடையில் வரும் நீர் குறைந்தது. 1871-இல் ஒளியை அளந்த பக்கத்திலேயே பின்னாளில் தண்ணீரை அளந்தார்கள்.

இன்றைய நடைமுறை

கோவை, மைசூரு, பெங்களூரு மாநாடுகளின் களப்பயணத் திட்டங்களில் தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, தேயிலைத் தொழிற்சாலை, குன்னூர் மலை ரயில் ஆகியவை பழகிப்போன பெயர்கள். தொழிற்சாலையில் இலையை வாட்டுதல், சுருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என்று வரிசையாகக் காட்டி, கடைசியில் கையில் ஒரு டம்ளர் டீ கொடுப்பார்கள். மலை ரயில் 2005 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். 1-க்கு 12 என்ற சரிவில் பல்சக்கரம் பற்றி ஏறும் அதன் பொறியமைப்புக்காகவே வருபவர்களும் உண்டு. மைசூரிலிருந்து வரும் குழுக்கள் நேரம் பார்த்துப் புறப்பட வேண்டும்: பந்திப்பூர் வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை 2009 முதல் உள்ளது. உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பெரிய பேருந்துகள் தவிக்கும்.

அண்மைக்காலம்

2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணத்தின் பாதை காசர்கோடு, உதகை, கோவை, திண்டுக்கல், யாழ்ப்பாணம், திருகோணமலை வழியே சென்றது. 1871-இன் பாதையோடு பெரிதும் ஒத்தது. 2024-இல் கோத்தகிரியின் லாங்வுட் சோலை (116 எக்டேர்) ராம்சார் இடமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. மாநாட்டுப் பேருந்துகளும் அதைப் பதிந்த பின்னரே மலை ஏற வேண்டியதாயிற்று.