பாலிமர் பாய்ச்சுதல்

வரத்து குறைந்த எண்ணெய் வயலில், பாலிமர் கரைத்த நீரை நிலத்தடிக்குச் செலுத்தி, பாறையில் தங்கிவிட்ட கச்சா எண்ணெயை வெளியேற்றும் முறை. வேதிமுறை எண்ணெய் மீட்பில் மிகப் பரவலாக நிலைபெற்றது இதுவே.

இதற்கு முன்னோடி வெறும் நீர்ப்பாய்ச்சல். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பழுதான கிணறுகள் வழியே தற்செயலாகப் புகுந்த நீர் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் வரத்தைக் கூட்டியது. இப்படி நடக்கக்கூடும் என்று நிலவியலாளர் ஜான் கார்ல் 1880-இலேயே எழுதினார். ஆனால் கைவிட்ட கிணறுகளை அடைத்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் அம்மாநிலத்தின் பிராட்ஃபோர்டு வயலில் சிலர் கமுக்கமாக நீர் விட்டுப் பார்த்தனர். 1921-இல்தான் அதற்குச் சட்ட அனுமதி கிடைத்தது.

நீரிடம் ஒரு குறை உண்டு. அது எண்ணெயைவிட இளகியது. அதனால் எண்ணெயை முழுதாகத் தள்ளாமல், இளக்கமான வழிகளில் விரல் விரலாகப் பிரிந்து முன்னே ஓடி உற்பத்திக் கிணற்றை எட்டிவிடும். பிறகு கிணறு இறைப்பதில் பெரும்பகுதி நீர்தான். நீரையே கெட்டியாக்கினால் இந்த ஓட்டம் மட்டுப்படும் என்பதை 1964-இல் ஆய்வாளர்கள் பை, சாண்டிஃபோர்டு ஆகியோர் தனித்தனிக் கட்டுரைகளில் காட்டினர்.

நீரைக் கெட்டியாக்கப் பெரும்பாலும் பயன்படும் பாலிமர், பகுதி நீராற்பகுத்த பாலிஅக்ரிலமைடு. ஒரு லிட்டர் நீருக்கு 1 முதல் 2 கிராம் போதும். கரைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கேழ்வரகு மாவை மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டுவதுபோல, இந்தத் தூளும் வெளியே கொழகொழத்து உள்ளே உலர்ந்தே நிற்கும். அக்கட்டிகள் பாறைத் துளைகளை அடைத்துவிடும். ஆகவே தூளைத் தூவி நனைத்து, தொட்டியில் மணிக்கணக்கில் மெதுவாகக் கலக்கி ஊறவிடுகிறார்கள். வேகமாகச் சுழலும் பம்பும் குறுகிய வால்வும் பாலிமரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியை அறுத்துவிடும். உப்புநீரில் சங்கிலி சுருண்டுகொள்ளும், கெட்டித்தன்மையும் பெரிதும் குறையும். உப்பைத் தாங்குவது, பாக்டீரியா தரும் சாந்தன் பிசின். அதை வேறு நுண்ணுயிர்கள் தின்றுவிடுவதால் கிருமிநாசினியும் சேர்க்க வேண்டும்.

பாறைத் துளைகளில் துளித்துளியாகச் சிக்கிய எண்ணெயைப் பாலிமர் பெரிதாக அசைப்பதில்லை. அதற்கு எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான பரப்பு இழுவிசையைப் பல ஆயிரம் மடங்கு குறைக்கும் சோப்பு வகைப் பொருள்கள் தேவை. காரம் சேர்த்தால், கச்சா எண்ணெயிலுள்ள அமிலங்களே சோப்பாக மாறிச் செலவைக் குறைக்கும். காரம், சோப்பு, பாலிமர் மூன்றையும் சேர்த்துச் செலுத்தும்போது மீட்பு கூடும். ஆனால் கிணற்று பம்புகளில் உப்புப்படிவு கட்டும், மேலே வரும் எண்ணெயும் நீரும் எளிதில் பிரியா.

அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டின் எண்ணெய் வரிச் சட்டம் தந்த சலுகையால் பாலிமர்த் திட்டங்கள் பெருகின. 1986-இல் எண்ணெய் விலை சரிந்ததும் அருகின. முறையை நிலைநாட்டியது சீனாவின் தாச்சிங் வயல்தான். 1959-இல் கண்டறியப்பட்ட அவ்வயலில் பாறையின் வெப்பம் சுமார் 45 டிகிரி செல்சியஸ், உப்பும் குறைவு, பாலிமருக்கு இதைவிட வாகான இடம் அரிது. 1972-இல் சோதனை தொடங்கி, 1996-இல் தொழில் அளவை எட்டியது. நீர்ப்பாய்ச்சலால் கிடைப்பதற்கு மேல், நிலத்தடியில் தொடக்கத்தில் இருந்த எண்ணெயில் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது.

ஓமானின் மர்முல், கனடாவின் பெலிக்கன் ஏரி, ராஜஸ்தானின் மங்களா வயல்களிலும் இம்முறை கையாளப்படுகிறது.