நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம்



நம் திட்டக்குடி வழியாக ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. அதற்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சின்னச் சின்னத் தீவுகளாகக் கிடப்பதுதான் பிச்சாவரம். சுற்றுலா போனபோது படகில் ஏற மாட்டேன் என்று ஒருவன் அழுதானே, அதே இடம். (இப்போது பேரன் எடுத்துவிட்டான், பெயர் சொல்லவில்லை.)

அன்று ஒரு மொட்டைத் திட்டைக் காட்டி, "ஊர்க்காரர்கள் விறகு வெட்டி, மாடு மேய்த்து அழித்த காடு" என்றேன். ஓய்வுக்குப் பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, அது தப்பு. வெள்ளையர் காலம் தொடங்கி 1970கள் வரை வனத்துறையே பகுதி பகுதியாக மொத்த மரத்தையும் வெட்டியிருக்கிறது. நிழல் போனதும் சேறு காய்ந்து, தரை தொட்டிபோல உள்வாங்கியது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் வடியாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிக்கொண்டே போனது. அதில் எந்தக் கன்று பிழைக்கும்?

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதைக் கண்டுபிடித்து, வனத்துறையோடும் சுற்றுக் கிராம மக்களோடும் வேலையில் இறங்கியது. மீன்முள்போல நடுவே ஒரு வாய்க்கால், இருபுறமும் கிளைகள். ஓதம் ஏறி இறங்க உப்பு கழுவப்பட்டது. கண்டல் கன்றுகளை நட்டார்கள். எந்த ஊர்க்காரர்களைக் குற்றம் சொன்னேனோ, அவர்களே குழு அமைத்துக் காவலும் காத்தார்கள்.

2004 சுனாமியில், மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று நம் மாவட்டக் கரையை ஆராய்ந்த கட்டுரை 2005-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. மேடும் தூரமும்தான் காப்பாற்றின என்று வாதிட்டவர்களும் உண்டு.

அந்தப் படகில் வந்தவர்கள் குறிப்பேட்டில் எழுதியதை அடித்துவிடுங்கள்.