மாவளியும் ஒளிக்கோடும்

என் இளமையில் பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் கார்த்திகைத் தீபத்தன்று மாவளி சுற்றாத சிறுவன் இல்லை. ஆண் பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் முடிந்து, பிளந்த பனைமட்டைக்குள் வைத்துக் கட்டி, நெருப்பிட்டுச் சுழற்றுவோம். கையில் இருப்பது ஒரு கனல். கண்ணுக்குத் தெரிவதோ தீ வட்டம். இதனைக் கொள்ளிவட்டம் என்பர். வடமொழியில் மாண்டூக்ய காரிகையின் இறுதிப் பிரகரணம் 'அலாதசாந்தி' எனப் பெயர் பெற்றதும் இக்கொள்ளியாலேயே.

இவ்வட்டத்தை அளந்து பார்த்தவர் பாரிஸ் நகரில் வாழ்ந்த பாட்ரிக் தார்சி. சுழலும் சக்கரத்தில் எரியும் கரியைப் பொருத்தி, ஒரு சுற்று ஏறத்தாழ 0.13 விநாடியில் முடிந்தால் வட்டம் அறுபடாமல் தோன்றும் என்று 1765-இல் வெளியிட்டார். போரில் அழிந்த புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்! பின்னர் 1889-இல் ஜார்ஜ் தெமெனி, நடப்பவரின் மூட்டுகளில் சிறு மின்விளக்குகளைப் பொருத்தி, நடையையே ஒளிக்கோடுகளாகப் படம்பிடித்தார்.

அண்மையில் என் தங்கையின் பேரன், வில்லியனூரில் விழுப்புரம் சாலையோரம் முக்காலியில் வீடியோக் கருவியை நிறுத்தி, இரவுப் போக்குவரத்தைப் பதிவு செய்தான். விநாடிக்கு 25 படங்கள் எடுக்கும் கருவியில் ஒரு படத்துக்குக் கிடைப்பது 0.04 விநாடியே. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அதற்குள் 40 சென்டிமீட்டர் நகரும். ஒரு படத்தில் நீண்ட கோடு விழாது. ஆகவே, படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் மிகுந்த ஒளியை மட்டும் நிலைநிறுத்துகின்றனர். 250 படங்களை அடுக்கினால், 100 மீட்டர் நீளத்துக்குக் கோடு ஓடும். கதவம் பாதி நேரம் மட்டும் திறந்தால் கோடு துண்டுதுண்டாகும்.

வெண்கோடுகளும் செங்கோடுகளும் ஆறுபோல் ஓடின. வியந்தேன். ஆயினும், அன்றிரவு அவனருகே நின்றிருந்த நான், விளக்கில்லாத சைக்கிளில் சென்ற முதியவரையும், புல்லுக்கட்டோடு சாலையைக் கடந்த பெண்ணையும் கண்டிருந்தேன். அவர்கள் படத்தில் இல்லை! ஒளியை மட்டும் காக்கும் விதி, ஒளியற்றவரை விட்டுவிட்டது.

இது புதிதன்று. 1838-இல் தாகேர் பாரிஸ் வீதியைப் பல நிமிடம் பதிவு செய்தபோது, ஓடிய வண்டிகளெல்லாம் மறைந்தன. காலணிக்கு மெருகிட்டுக்கொண்டு நின்றவர் நிலைத்தார். அங்கே நின்றவர் தங்கினார். இங்கே விளக்குடையவர் தங்குகிறார். கருவியின் விதியே யாருக்கு இடம் என்று தீர்மானிக்கிறது.

"மூலப் படங்களை அழித்துவிடாதே, தம்பி" என்றேன். "அவற்றில் அந்தப் பாட்டி தெரிகிறாள், தாத்தா" என்றான் அவன். ஆம், அழகுக்கு ஒளிக்கோடு போதும். இவ்வூர்ச் சாலையின் வரலாற்றுக்கோ, இருளில் நடந்தவரும் வேண்டும்.