வடக்கே சண்டை ஓய்ந்தால் நெற்கட்டும்செவலுக்குப் படை வரும்

சங்கரன்கோவிலுக்கு மேற்கே இருக்கும் நெற்கட்டும்செவலுக்கு 1755-ல் கர்னல் ஹெரான் படையோடு வந்து பணம் கேட்டதும், பூலித்தேவர் தர மறுத்ததும் எங்க பக்கத்துல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் ஏன் கொடுக்கவில்லை என்பதைப் பற்றி மேடை போட்டு நிறையப் பேசியாச்சு. இந்தப் பதிவுக்கு வேறொரு கேள்வி: ஹெரான் ஏன் வந்தார்?

"வெள்ளைக்காரன் நாடு பிடிக்க வந்தான்" என்பது சரியான பதில்தான். ஆனா அது போதாது. சென்னைப்பட்டணத்தில் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனிக்கு, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக் கரிசல் காட்டில் என்ன வேலை? மென்பொருள் வேலையில் ஒரு பிழை வந்தால், அது வெடித்த இடத்திலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போய், எது எதைக் கூப்பிட்டது என்று பார்ப்போம். அதே மாதிரி நெற்கட்டும்செவலிலிருந்து பின்னால் போய்ப் பார்க்கலாம்.

படிப்படியாகப் பின்னால்

ஹெரான் கேட்டது ஆற்காடு நவாப் முகமது அலிக்குச் சேர வேண்டிய கப்பம். நவாபின் பாக்கியை வசூலிக்க கம்பெனியின் கர்னல் ஏன் வரணும்? ஏன்னா நவாப் கம்பெனிக்குக் கடன்காரர். திருச்சிராப்பள்ளியைச் சுற்றி வருஷக்கணக்கில் நடந்த போரில் ஆங்கிலேயப் படைதான் அவருக்காகச் சண்டை போட்டது. அந்தச் செலவு முழுக்க அவர் பெயரில் பற்று எழுதப்பட்டது. தெற்குச் சீமையின் வரிதான் அதை அடைக்க இருந்த வழி.

திருச்சிப் போர் எதனால் வந்தது? 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நடந்த போரில் முகமது அலியின் அப்பா அன்வருதீன் கொல்லப்பட்டார். நவாப் பட்டத்துக்குப் போட்டி போட்ட சந்தா சாகிப் பிரெஞ்சுப் படையின் துணையோடு ஜெயித்தார். முகமது அலி திருச்சிக்கு ஓடிப்போய் ஆங்கிலேயரின் உதவியைக் கேட்டார். ஒருவர் பிரெஞ்சுக்காரரைப் பிடித்தால் இன்னொருவருக்கு ஆங்கிலேயரை விட்டால் வேறு கதியில்லை.

வியாபாரக் கம்பெனிகளிடம் வாடகைக்கு விடும் அளவுக்குப் படை எப்படி வந்தது? இன்னும் ஒரு படி பின்னால் போனால் நாம் ஐரோப்பாவில் இருப்போம்.

1740-ல் ஆஸ்திரியாவில் மரியா தெரசா பட்டத்துக்கு வந்தார். பிரஷ்யாவின் இரண்டாம் பிரடெரிக் அவருடைய சிலேசியா மாகாணத்தைப் பறித்துக்கொண்டார். பிரான்ஸ் பிரஷ்யா பக்கம், பிரிட்டன் ஆஸ்திரியா பக்கம். 1744-ல் பிரான்சும் பிரிட்டனும் நேரடியாகப் போர் அறிவித்தன. புதுச்சேரி கவர்னர் டூப்ளே, அந்தச் சண்டை இங்கே வேண்டாம் என்று ஆங்கிலேயக் கம்பெனியிடம் பேசிப் பார்த்தார். ஆனா பிரிட்டிஷ் அரசின் போர்க்கப்பல்கள் கம்பெனி சொல்பேச்சு கேட்பவை இல்லை. அவை பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடித்தன. பதிலுக்கு 1746 செப்டம்பரில் லா போர்தொனே சென்னைப்பட்டணத்தையே பிடித்தார். அன்வருதீன் தன் மகன் மகபூஸ்கானைப் பெரிய படையோடு அனுப்பினார். அடையாற்றுக் கரையில், பயிற்சி பெற்ற ஒரு சின்னப் பிரெஞ்சுப் படை அதை விரட்டியடித்தது.

அடையாறுதான் திருப்பம். வரிசையாக நின்று துப்பாக்கி சுடப் பழகிய சில நூறு பேர், பல மடங்கு பெரிய குதிரைப் படையை ஓட வைக்கலாம் என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. அப்புறம் பட்டத்துக்கு ஆசைப்பட்ட ஒவ்வொருவரும் அந்தச் சில நூறு பேரைத் தேடிப் போனார்கள். 1748-ல் ஐரோப்பாவில் சமாதானம் ஆனது. பிரான்ஸ் சென்னைப்பட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது, கனடா கரையோரத்து லூயிஸ்பர்க் கோட்டையைத் திரும்பப் பெற்றது. இரண்டு ஊர் ஜனங்களையும் யாரும் கேட்கவில்லை. போர் முடிந்தாலும் இங்கே கொண்டுவந்து இறக்கிய சிப்பாய்கள் இங்கேயே இருந்தார்கள். சண்டை இல்லாத படைக்குச் சம்பளம் தருவது யார்? அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் ஆம்பூரும் திருச்சியும்.

சிலேசியா, லூயிஸ்பர்க், அடையாறு, ஆம்பூர், திருச்சி, நெற்கட்டும்செவல். ஒரு ஊரின் தகராறு அடுத்த ஊருக்குக் கடனாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சமாதானம் கொண்டுவந்த படை

1754-ல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். அந்த வருஷக் கடைசியில் இரண்டு கம்பெனிகளும் சண்டையை நிறுத்தின. உடனே 1755 தொடக்கத்தில் ஹெரான் 500 ஐரோப்பியர்களோடும் 2,000 சிப்பாய்களோடும் தெற்கே கிளம்பினார். கூடவே நவாபின் அண்ணன் மகபூஸ்கான், அடையாற்றில் தோற்ற அதே ஆள். சிப்பாய்களுக்குத் தலைவர் யூசுப்கான். கான்சாகிப், மருதநாயகம் என்றெல்லாம் நாம் சொல்வது இவரைத்தான்.

மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வரி வசூலை வருஷத்துக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மகபூஸ்கானிடம் குத்தகைக்கு விட்டார்கள். திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு கோட்டையில் படை புகுந்தபோது உள்ளே இருந்த சுமார் 400 பேரில் ஆறு பேர்தான் தப்பினார்கள், பெண்களையும் குழந்தைகளையும்கூட விடவில்லை என்று கம்பெனியின் சொந்த வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்மே எழுதியிருக்கிறார். நெற்கட்டும்செவலில் மட்டும் கதை வேறு. கோட்டையை உடைக்கும் பெரிய பீரங்கி ஹெரானிடம் இல்லை, சோற்றுக்கும் தட்டுப்பாடு. பூலித்தேவருக்கு அது தெரியும். கேட்ட தொகையை 20,000 ரூபாய்க்குக் குறைத்தும் ஒரு காசு வரவில்லை. ஹெரான் திரும்பிப் போனார். போகும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் தாக்கி, கோவில்குடியில் அவர் படை கொள்ளையடித்திருந்த சாமி சிலைகளை மீட்டார்கள். சென்னையில் ராணுவ விசாரணை நடந்து அவருக்கு வேலை போனது.

இனி இரண்டு பத்தி போட்டு வருஷங்களை எழுதிப் பாருங்கள். இடப்பக்கம் ஆங்கிலேய – பிரெஞ்சுச் சண்டை, வலப்பக்கம் நம்ம பாளையம்.

1755: வடக்கே சண்டை நிறுத்தம். இங்கே ஹெரான் வருகிறார்.

1758: வடக்கே மறுபடி போர். பிரெஞ்சுத் தளபதி லாலி டிசம்பரில் சென்னைப்பட்டணத்தை முற்றுகையிடுகிறார். யூசுப்கானையும் சிப்பாய்களையும் அங்கே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். இங்கே பூலித்தேவர் கூட்டணியின் கை ஓங்குகிறது.

1759: பிப்ரவரியில் முற்றுகை விலகுகிறது. சில மாதங்களில் யூசுப்கான் திரும்பி வருகிறார். வாசுதேவநல்லூர் கோட்டையைத் தாக்கித் தோற்கிறார்.

1761: ஜனவரியில் புதுச்சேரி விழுகிறது. அதே வருஷம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் கோட்டைகள் விழுகின்றன.

அதாவது, இரண்டு பெரியவர்கள் மோதிக்கொண்டிருந்தவரை நம்ம ஊருக்கு மூச்சுவிட இடம் இருந்தது. அவர்கள் ஓய்ந்தபோதெல்லாம் படை இங்கே வந்தது. பூலித்தேவரின் வீரத்தை இது குறைப்பதில்லை. கிடைத்த இடைவெளி ஒவ்வொன்றையும் சரியாகப் பயன்படுத்தி ஆறு வருஷம் தாக்குப்பிடித்தார் என்பதுதான் இதில் தெரிவது.

களக்காடு என்ற சிலேசியா

அவர் தனியாகவும் நிற்கவில்லை. மேற்குப் பாளையங்களைச் சேர்த்தார். திருவிதாங்கூரைச் சேர்த்தார். சந்தா சாகிப் காலத்திலிருந்து தெற்கே தங்கியிருந்த பட்டாணியத் தளபதிகளைச் சேர்த்தார். கடைசியில் வரி வசூலிக்க வந்த மகபூஸ்கானே தம்பியோடு மனஸ்தாபப்பட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்!

ஆனா கிழக்குப் பாளையங்கள் வரவில்லை. பாஞ்சாலங்குறிச்சியின் தலைமையில் அவை பெரும்பாலும் எதிர்ப்பக்கமே நின்றன. தேசகாவல் உரிமை, எல்லைத் தகராறு, மறவர் – நாயக்கர் போட்டி எல்லாம் ஏற்கெனவே இருந்தவை. பக்கத்து ஊர்ப் பகையாளியை அடக்கக் கிடைத்த ஒரு கருவியாகத்தான் அவர்கள் கம்பெனியைப் பார்த்தார்கள். கம்பெனியே ஒருநாள் பகையாளி ஆகும் என்று யாரும் நினைத்த மாதிரி தெரியவில்லை.

திருவிதாங்கூர் கதை இன்னும் தெளிவு. அவர்களுக்கு வேண்டியிருந்தது களக்காடு. 1759-ல் யூசுப்கான் களக்காட்டைத் தருகிறேன் என்றதும் அவர்கள் கட்சி மாறி, பழைய நண்பர் பூலித்தேவருக்கு எதிராகவே படை அனுப்பினார்கள். இதைப் படித்துவிட்டு அப்படியா என்று கோபப்படுவதற்கு முன்னால், மூன்று வருஷம் முன்பு ஐரோப்பாவில் நடந்ததைப் பாருங்கள். சிலேசியாவை மீட்கணும் என்ற ஒரே குறிக்கோளுக்காக, ஆஸ்திரியா தன் பரம்பரை எதிரியான பிரான்சோடு 1756-ல் கைகோர்த்தது. பிரிட்டன் பிரஷ்யா பக்கம் தாவியது. ஏழாண்டுப் போர் அப்படி ஆரம்பித்தது. நம்ம ஆட்கள் ஏமாளிகள், அவர்கள் ராஜதந்திரிகள் என்று பிரிக்க இங்கே ஒன்றுமில்லை. இரண்டு இடத்திலும் ஒரே கணக்குதான் ஓடியது. வித்தியாசம், பேரம் பேசிய ஆட்களின் பலத்தில் இருந்தது.

அந்த வித்தியாசம் எவ்வளவு என்பதற்கு 1760-ஐப் பாருங்கள். புதுச்சேரியைக் காப்பாற்ற லாலி மைசூரின் ஹைதர் அலியோடு ஒப்பந்தம் போட்டார். தியாகதுர்கம் கோட்டை உடனே மைசூருக்கு. போர் முடிந்ததும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைப் பிடிக்கவும் பிரெஞ்சுக்காரர் உதவுவார்கள். யூசுப்கானும் பூலித்தேவரும் எந்த மண்ணுக்காக அடித்துக்கொண்டிருந்தார்களோ, அதைப் புதுச்சேரியில் ஒருவர் இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பதினோராவது பிரிவு

1763 பிப்ரவரி 10-ல் பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பதினோராவது பிரிவு இந்தியாவைப் பற்றியது. கர்நாடகத்தின் சட்டப்படியான நவாப் முகமது அலி, தக்காணத்தின் சட்டப்படியான சுபேதார் சலாபத் ஜங் என்று பிரிட்டனும் பிரான்சும் ஒப்புக்கொண்டன. சலாபத் ஜங்கை அவர் தம்பி நிஜாம் அலி ஏற்கெனவே பதவியிலிருந்து இறக்கிவிட்டார் என்பது தனிக்கதை. வரி கொடுக்கும் பாளையங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போட்டியாளர் போய்விட்டதால், இனி அவர்களுக்கு முறையிட இரண்டாவது கதவு கிடையாது.

அதே வருஷம் யூசுப்கான் கம்பெனியையே எதிர்த்தார். மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏற்றினார். ஆனா அந்தக் கொடிக்குப் பின்னால் வருவதற்கு இப்போது பிரெஞ்சுப் படை ஏதும் இல்லை. 1764 அக்டோபர் 15-ல் தூக்கிலிட்டார்கள். அந்தக் குழப்பத்தில் பூலித்தேவர் திரும்பி வந்து பாளையத்தைப் பிடித்தார். 1767-ல் கர்னல் கேம்பல் வாசுதேவநல்லூருக்கு வந்தார். அதன்பின் பூலித்தேவரைக் கைது செய்து கொண்டுபோகும் வழியில், சங்கரன்கோவிலில் சாமி கும்பிட உள்ளே போனவர் அப்படியே மறைந்துவிட்டார் என்பது ஊர் வழக்கு. கோயிலில் அவர் பெயரில் ஓர் அறையும் இருக்கிறது.

மேடைகளில் "முதல் விடுதலைப் போர் எது, வேலூரா, பாஞ்சாலங்குறிச்சியா, நெற்கட்டும்செவலா" என்று நடக்கும் போட்டியில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. எனக்கு உறுத்துவது அணி சேர்ந்தவர்களின் பட்டியல்தான். எதிர்த்து நின்ற பூலித்தேவரின் கோட்டை 1761-ல் போனது. கம்பெனிக்காக அதைப் பிடித்த யூசுப்கான் 1764-ல் போனார். கம்பெனிப் பக்கம் நின்ற பாஞ்சாலங்குறிச்சியின் அடுத்த தலைமுறையில், வீரபாண்டிய கட்டபொம்மனை 1799 அக்டோபரில் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். களக்காட்டுக்காகக் கட்சி மாறிய திருவிதாங்கூர் 1795, 1805 ஒப்பந்தங்களில் கம்பெனிப் படைக்குச் சம்பளம் கட்டும் சமஸ்தானமானது.

இதையெல்லாம் எந்த நவாபின் பெயரில் செய்தார்களோ, பாரிஸ் ஒப்பந்தத்தில் பெயர் வந்த அந்த முகமது அலியின் கடன் மட்டும் கடைசிவரை அடையவில்லை. அவர் 1795-ல் இறந்தார். 1801-ல் கர்நாடகம் மொத்தத்தையும் கம்பெனி எடுத்துக்கொண்டது.