ஒரு காடு, இரு மொழி

பொகீமியாவின் தென்மேற்கு எல்லையில் ஓங்கி நிற்கும் காட்டினைச் செக் மக்கள் ஷுமாவா என்பர். ஜேர்மானியர் பேமர்வால்ட் என்பர். அதனருகே ஓபர்பிளானில் 1805 இல் பிறந்த அடால்பேர்ட் ஸ்டிஃப்டர், முப்பதாண்டுப் போருக்கஞ்சி மலையேரிக் கரையில் ஒளிந்துறைந்த சகோதரியர் இருவரின் கதையை ஜேர்மன் மொழியில் எழுதினார். அவருக்குக் காடு, மாசுபடாத அமைதி.

1848 இல் பிறந்த கார்ல் குளோஸ்டர்மனோ ஜேர்மன் பேசும் குடும்பத்தவர். பிள்ஸன் நகரில் ஜேர்மன் பாடசாலை ஆசிரியர். ஆயினும் தம் நாவல்களுக்குச் செக் மொழியையே தேர்ந்தார். 1870 இல் பெரும்புயல் மரங்களைச் சாய்த்தது. சாய்ந்தவற்றிற் பட்டைவண்டு பெருகி, நின்றவற்றையும் அழித்தது. வெட்டுக்கூலியாய்ப் பணம் குவிந்தது. குவிந்த பணம் மாந்தரைக் கெடுத்தது. இதனை அவர் மறையாது எழுதினார். காட்டவரை நன்கறிந்தவர் இவரே என்பது எம் துணிபு.

1945 இன் பின் ஜேர்மன் பேசுவோரிற் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டனர். எல்லைக் காவலின் பொருட்டுச் சிற்றூர்கள் பல இடிக்கப்பட்டன. அம்மக்களின் மரபினர் தம் முன்னோர் வாழ்ந்த வகையை அறிய விழைந்தால், குளோஸ்டர்மனின் செக் நூல்களையும் புரட்டவேண்டியிருக்கிறது.